விக்கிறவனே நோட்டக்காரனா?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் நீளம். டீ குடிச்சுட்டு வந்து படிங்க :-)

எங்க ஊரு மானாம்பதி, உத்திரமேரூர் தாலுகா. வாரத்துல அஞ்சு நாள் சென்னையில ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள கோடு அடிச்சிட்டு, சனி ஞாயிறு ஊருக்கு ஓடி வர்ற கோஷ்டியில நானும் ஒருத்தன். பழைய காசு சேர்க்கிற கிறுக்கு காலேஜ் நாள்ல பிடிச்சது, இன்னும் தெளியல. இது ஊர்ல தெரிஞ்சதுல இருந்து ஞாயித்துக்கிழமை காலையில யாராவது ஒருத்தர் மஞ்சப் பையிலயோ வேட்டி மடிப்புலயோ எதையாவது முடிஞ்சு எடுத்துட்டு வந்துடறாங்க. எல்லார் கிட்டயும் ஒரே கேள்விதான். "தம்பி, இது இன்னா வெலைக்குப் போவும்?" இது நிஜமான காசுதானான்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட முதல் கேள்வியா கேட்டதில்ல.

அதிகமா வர்றது ராமர் காசு. ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணன், கீழ அனுமார். இன்னொரு பக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனின்னு எழுத்து, அரை அணான்னு மதிப்பு, 1818ன்னு வருஷம். சிலதுல 1717, இன்னும் சிலதுல 1616. கம்பெனிக்காரன் மெட்ராஸ்ல மணல்மேட்டுல இடம் வாங்கினதே 1639லதான். 1616ல ஜஹாங்கீர் தர்பார்ல வியாபாரத்துக்கு அனுமதி கேட்டு கைகட்டி நின்னுட்டு இருந்தவன், ராமர் பட்டாபிஷேகம் போட்டு காசு அடிச்சானாம்! ஆனா ஒண்ணு சொல்லணும். கம்பெனி சாமி படம் போட்டுக் காசே அடிக்கலைன்னு சொல்ல முடியாது. மெட்ராஸ்ல அடிச்ச வராகன்ல பெருமாள் இருப்பார். ரெண்டு தாயாரோட நிக்கிற மூணு சாமி வராகன் ரொம்பப் பிரசித்தம். பூஜையில வைக்கறதுக்குன்னே அடிச்ச ராமடங்காவும் உண்டு, அது செலவாணிக் காசு கிடையாது. இப்படி ஓரத்துல கொஞ்சம் நிஜம் ஒட்டிக்கிட்டு இருக்கறதாலதான் இந்தப் பித்தளை ராமர் இவ்வளவு நாள் ஓடறார். இதுல சிலதுக்கு "அரிசி இழுக்கும்"னு வேற பட்டம் கட்டி விக்கறாங்க. காசு பக்கத்துல போன அரிசி நகருமாம், அதனால கோடிக்கு விலை போகுமாம். இரிடியம் கலசக் கதையோட தங்கச்சி இது. இதுக்கு வீட்டை வித்தவங்க தமிழ்நாட்டுல உண்டு.

சரி, மேட்டருக்கு வர்றேன். ஒரு காசு அசலா போலியான்னு சொல்ற ஆளுக்கு, அந்தக் காசு கை மாறினா பத்து பைசா லாபம் இருக்கக் கூடாது. இதுதான் நான் சொல்ல வந்தது. கேட்டா ரொம்ப சாதாரணமா இருக்கும். ஆனா நம்ம ஊர்ல காசு சேர்க்கற உலகம் பூராவும் இதுக்கு நேர் எதிராத்தான் நடக்குது. விக்கிறவனே சோதிக்கறான், விக்கிறவனே சர்டிபிகேட் எழுதறான், விக்கிறவனே விலையும் சொல்றான். நான் எழுதின கோடை நானே டெஸ்ட் பண்ணி நானே ஓகேன்னு கையெழுத்துப் போட்டா எங்க மேனேஜர் விடுவாரா?

ரெண்டு கதை சொல்றேன். ரெண்டும் எங்க ஊர்ல நடந்தது.

முதல் கதை டீக்கடை அண்ணனோடது. அவர் கல்லாவுல மாதா வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய்க் காசு ஒண்ணு இருந்தது. 2012ல அரசாங்கம் வெளியிட்ட ஞாபகார்த்தக் காசு, 10 ரூபாய்லயும் வந்தது. இது வச்சிருந்தா லட்சக்கணக்குல கிடைக்கும்னு செல்போன்ல ஒரு வீடியோ பார்த்துட்டு, அதுல இருந்த நம்பருக்கு போட்டோ அனுப்பியிருக்கார். எதிர்முனையில இருந்தவன் போட்டோவைப் பார்த்த மாத்திரத்துல "ஒரிஜினல்தான் சார், 3 லட்சம் தர்றோம்"னுட்டான். முதல்ல பதிவுக் கட்டணம் 1,150. அப்புறம் ஜிஎஸ்டி. அப்புறம் பணம் ஏத்திட்டு வர்ற வண்டிக்கு இன்ஷூரன்ஸ். எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் போனதுக்கு அப்புறம்தான் அந்தம்மா, அதாவது அண்ணனோட வீட்டுக்காரம்மா, என்கிட்ட வந்து அழுதாங்க. சீட்டுப் பணம் அது. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்லயே அறிக்கை விட்டிருக்கு. எங்க பேரையும் சின்னத்தையும் காட்டி பழைய நோட்டு, காசு வாங்கறோம் விக்கறோம்னு கட்டணம், கமிஷன், வரி கேக்கறாங்க, நாங்க அந்த வேலையே செய்யறதில்ல, யாருக்கும் அந்த அதிகாரம் குடுக்கவும் இல்லன்னு. அந்த அறிக்கை டீக்கடை வரைக்கும் வந்து சேரல. வீடியோ வந்து சேர்ந்துடுச்சு.

இதுல காசு அசல்தான், கவனிச்சீங்களா? போலி அந்த மதிப்பீடு.

ரெண்டாவது கதைதான் எனக்கு மனசுல நிக்குது. எங்க பெரியப்பா ரிட்டயர்டு தலைமையாசிரியர். நாப்பது வருஷமா காசு சேர்க்கிறார். எனக்கு முதல் பூதக்கண்ணாடி வாங்கிக் குடுத்ததே அவர்தான். பேத்தி பேர்ல ஒரு நல்ல காசு வாங்கி வைக்கணும், அவ காலேஜ் சேரும்போது வித்துக்கட்டும்னு ஒரு கணக்கு. ஒரு கண்காட்சியில ஆறாம் ஜார்ஜ் 1939 வெள்ளி ரூபாயை 38,000க்கு வாங்கிட்டு வந்தார்.

இந்த 1939 ரூபாயைப் பத்தி தெரியாதவங்களுக்கு. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய் பம்பாய் நாணயச்சாலையில 1938லயும் 1939லயும் பழைய தரத்துல அடிச்சாங்க. எடை 11.66 கிராம், ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி. 1940ல இருந்து வெள்ளியைப் பாதியாக் குறைச்சுட்டாங்க. யுத்த காலம், வெள்ளி தட்டுப்பாடு. கள்ளக் காசைத் தடுக்கறதுக்காக விளிம்புல ஒரு பள்ளக் கோடும் சேர்த்தாங்க. 1938 நிறைய கிடைக்கும், வெள்ளி விலைக்கு மேல கொஞ்சம் குடுத்தாப் போதும். 1939 ரொம்ப அபூர்வம். நல்ல நிலையில இருந்தா ஏலத்துல லட்சத்தைத் தாண்டும். ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு எழுத்து. 8, 9.

பெரியப்பா சும்மா வாங்கிட்டு வரல. வீட்டுல செய்யக்கூடிய எல்லா சோதனையும் செஞ்சோம். காந்தத்துல ஒட்டல. எடை 11.6 சொச்சம், பழசு தேய்ஞ்சதுக்கு சரி. விட்டம் முப்பதரை மில்லிமீட்டர், சரி. அப்புறம் தண்ணிச் சோதனை. இது நல்ல சோதனை, கத்துக்குங்க. நகைக்கடை மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு மேல ஒரு டம்ளர் தண்ணியை வச்சு எடையை பூஜ்யம் பண்ணிடணும். காசை மெல்லிசு நூல்ல கட்டி, அடியிலயும் பக்கத்துலயும் தொடாம தண்ணிக்குள்ள தொங்கவிடணும். தராசு இப்ப காட்டறது காசு தள்ளின தண்ணியோட எடை. காசோட எடையை அதால வகுத்தா அடர்த்தி. 917 வெள்ளின்னா 1.13 கிராம் காட்டும், அடர்த்தி 10.3 வரும். ஜெர்மன் சில்வர்ல அதே எடைக்கு அடிச்ச டுபாக்கூர்னா 1.35 காட்டும், அடர்த்தி 8.6 கிட்ட நின்னுடும். எங்க காசு 10.3. காஞ்சிபுரத்துல ஒரு கடையில தரம் பார்க்கற மெஷின்லயும் வச்சோம். 91 சொச்சம் வெள்ளின்னு சீட்டு வந்தது. பெரியப்பா அன்னிக்கு ராத்திரி எனக்கு பரோட்டா வாங்கிக் குடுத்தார்.

எல்லா சோதனையும் பாஸ். ஏன் பாஸ் ஆகாது? அது நிஜமான வெள்ளி, நிஜமான பம்பாய் காசு. நிஜமான 1938 காசு! 8ஓட கீழ் வட்டத்துல இடது பக்கத்தை ஊசி முனை மாதிரி உளியால சுரண்டி எடுத்து, வாலை வளைச்சு 9 ஆக்கியிருக்கான். எடையும் அடர்த்தியும் வெள்ளியைத்தான் சொல்லும், வருஷத்தை சொல்லாது. சென்னையில காசு வாங்காத விக்காத, ஆராய்ச்சி மட்டும் செய்யற ஒரு பெரியவர் கிட்ட தெரிஞ்சவங்க மூலமா கொண்டு போனோம். அவர் மைக்ராஸ்கோப்புல பார்த்தது பத்து நிமிஷம்கூட இருக்காது. அந்த 9ஐ சுத்தி இருக்கற தளத்துல மட்டும் மெல்லிசு கீறல், மேல பாலிஷ். மத்த இடத்துல அடிச்சப்ப உலோகம் பரவின மினுமினுப்பு தெரியுது, அங்க மட்டும் செத்துப் போய் இருக்கு. அசல் 1939ல வர்ற 9ஓட வளைவு வேற. அதோட பெரிசு பண்ணின படத்தைப் பக்கத்துல வச்சுக் காட்டினார். காட்டினதுக்கு அப்புறம் எங்களுக்கும் தெரிஞ்சது. காட்டற வரைக்கும் தெரியல.

வித்தவர் கிட்ட போனோம். "அதான் சர்டிபிகேட் குடுத்தேனே"ன்னார். ஆமா, குடுத்திருந்தார். பளபளன்னு அட்டை, தங்கக் கலர் முத்திரை, 100 சதவீதம் ஒரிஜினல், கீழ அவரே கையெழுத்து. பணம் திரும்ப வரல. பெரியப்பாவுக்கு பணம் போனதைவிட இன்னொண்ணுதான் வலிச்சது. "நாப்பது வருசம் பாத்த கண்ணுடா இது"ன்னு ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஆல்பத்தை யாருக்கும் எடுத்துக் காட்டறதில்ல. பேத்தி கேட்டாக்கூட "அப்புறம் பாக்கலாம் கண்ணு"ங்கறார். அதுல இருக்கற மத்த நானூறு காசும் அசல்தான். ஆனா அவருக்கு இப்ப எல்லாத்து மேலயும் சந்தேகம்.

இங்கதான் எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வருது. குடவோலைத் தேர்தல் கல்வெட்டு எல்லாருக்கும் தெரியும், பள்ளிக்கூடப் பாடத்துலயே வரும். முதலாம் பராந்தகன் காலம், 919லயும் 921லயும் வெட்டினது. பஸ் பிடிச்சா வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இப்பவும் பார்க்கலாம். கணக்குக் காட்டாதவன் வாரியத்துக்கு நிக்கக் கூடாது, அவனோட சொந்தக்காரங்களும் நிக்கக் கூடாதுன்னு அதுல இருக்கறதை எல்லாரும் மேடையில சொல்லுவாங்க. ஆனா அந்த வாரியங்கள்ல பொன்வாரியம்னு ஒண்ணு இருந்ததை அவ்வளவா யாரும் பேசறதில்ல. அதே உத்திரமேரூர்ல பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இன்னொண்ணு, ஊர்ல பொன்னை சோதிக்கறதுக்கு யாரைத் தேர்ந்தெடுக்கணும், அவங்க எப்படி வேலை செய்யணும்னு பேசுது. எல்லாருக்கும் பாரபட்சம் இல்லாம உரைச்சுப் பார்க்கணும். உரைகல்லுல ஒட்டின பொன்துகளை மெழுகுல ஒத்தி எடுப்பாங்க இல்லையா, அந்த மெழுகை சோதிக்கிறவர் வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. ஏரி வாரியத்துக்கிட்ட ஒப்படைச்சிடணும்!

இதைப் படிச்ச அன்னிக்கு நான் ஆடிப்போயிட்டேன். ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி, எங்க தாலுகாவுல, சோதிக்கிறவனுக்கு சோதனையில லாபம் இருக்கக் கூடாதுன்னு யோசிச்சு, ஒட்டின தூசி வரைக்கும் கணக்குப் பண்ணி கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. நாம லேமினேட் அட்டையை நம்பிட்டு இருக்கோம்.

நம்ம மொழியிலயே இதுக்கு சொல் இருக்கு. நோட்டம்னா காசை உத்துப் பார்த்து நல்லதா கெட்டதான்னு சொல்றது. அதைத் தொழிலா செஞ்சவர் நோட்டக்காரர். இப்ப "நோட்டம் விடறான்"னா திருடப் பார்க்கறான்னு அர்த்தம் ஆகிப்போச்சு, அது வேற விஷயம். அதுக்கும் முன்னால போனா, சங்கப் புலவர்கள்லயே வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார்னு பேர்கள் வருது. வண்ணக்கன்னா நாணயம் பார்க்கறவர். அதாவது காசு சோதிக்கறதை பேருக்கு முன்னால போட்டுக்கிற அளவுக்கு மரியாதையான தொழில். சோழர் கல்வெட்டுல "அன்றாடு நற்காசு"ன்னு எழுதுவாங்க. வெறும் காசு பத்தாது, நல்ல காசா இருக்கணும்னு சாசனத்துலயே போடற அளவுக்கு கெட்ட காசும் ஊர்ல புழங்கியிருக்கு.

வெளிநாட்டுல இந்த நோட்டக்காரரைத்தான் கம்பெனியா ஆக்கிட்டாங்க. அமெரிக்காவுல பி.சி.ஜி.எஸ். 1986ல, என்.ஜி.சி. 1987ல ஆரம்பிச்சது. காசை அனுப்பினா, யாரோடதுன்னு தெரியாம நிபுணர்கள் பார்த்து, அசல்னா 1ல இருந்து 70க்குள்ள ஒரு தரம் போட்டு, நம்பர் குத்தின பிளாஸ்டிக் டப்பாவுல சீல் வச்சு அனுப்புவாங்க. ஸ்லாப்னு சொல்றாங்க. அந்த 70 கணக்கு 1949ல வில்லியம் ஷெல்டன் அமெரிக்க செப்புக் காசுக்காகப் போட்டது, அப்புறம் உலகம் பூரா ஒட்டிக்கிச்சு. அவங்க தப்பா அசல்னு சொல்லிட்டா நஷ்டஈடு குடுக்கற உத்தரவாதமும் உண்டு, நிபந்தனைகளோட. என்னைக் கேட்டா அந்த பிளாஸ்டிக்கோட மதிப்பே இந்த உத்தரவாதத்துலதான் இருக்கு. கருத்து சொல்றவன் தன் காசை வச்சு சொல்றான்.

நகைக்கு நாம இதை ஏத்துக்கிட்டாச்சு. 2021 ஜூன்ல இருந்து ஹால்மார்க் படிப்படியா கட்டாயம். எங்க அம்மா கால் பவுன் கம்மல் வாங்கினாக்கூட திருப்பிப் பார்த்து முத்திரையைத் தேடறாங்க. கடைக்காரர் "நம்ம கடைங்க, நம்புங்க"ன்னா சிரிச்சுட்டு எழுந்து வந்துடுவாங்க. அதே வீட்டுல ஆம்பளைங்க 38,000 ரூபாய்க் காசை அட்டையை நம்பி வாங்கறோம்.

இதுக்கு எங்க வட்டத்துல இருக்கற பெரியவங்க சொல்ற எதிர்வாதம் எனக்குத் தெரியும். காசைக் கையில எடுத்துப் பார்த்துத்தான் கத்துக்கணும், டப்பாவுல போட்டா அது ஷேர் பத்திரம் மாதிரி ஆயிடும்பாங்க. பாதி ஒத்துக்கறேன். 200 ரூபாய் காசுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ணி சோதிக்கறது பைத்தியக்காரத்தனம். ராஜராஜன் செப்புக் காசு, ஒரு பக்கம் நிக்கிற ஆள், இன்னொரு பக்கம் உக்காந்த ஆள், நாகரியில ராஜராஜன்னு எழுத்து, அது ஏராளமா கிடைக்குது. அதை வாங்கித் தேய்ச்சுப் பார்த்துத்தான் கத்துக்கணும். அதுலயும் ஒரு கூத்து உண்டு. அதே அச்சுல பின்னாடி பொலன்னறுவை ராஜாக்கள் பராக்கிரமபாகு, சாகச மல்லன், ராணி லீலாவதி எல்லாரும் காசு அடிச்சிருக்காங்க. நாகரி எழுத்து படிக்கத் தெரியாத ஆளு லீலாவதியை ராஜராஜன்னு வித்துட்டுப் போயிடுவான். காசு அசல்தான், பேருதான் பொய். இதையெல்லாம் டப்பா கத்துக் குடுக்காது, படிப்புதான் கத்துக் குடுக்கும்.

டப்பாவும் புனிதம் இல்ல. சீனாவுல இருந்து போலி டப்பாவே வருது, உள்ள போலிக் காசு, வெளிய நிஜமான நம்பர். அந்த நம்பரை கம்பெனியோட தளத்துல அடிச்சு அங்க இருக்கற போட்டோவோட ஒப்பிட்டுப் பார்த்தா மாட்டிக்கும். அதையும் செய்யாம வாங்கறவனை ஆண்டவன்தான் காப்பாத்தணும்.

ஆனா "என் கண்ணு போதும்"ங்கற வாதத்தை மட்டும் நான் ஒத்துக்கறதில்ல. ஜெர்மனியில பெக்கர்னு ஒருத்தன், 1772ல பிறந்து 1830ல செத்தவன், கிரேக்க ரோமானிய காசுகளை தானே அச்சு வெட்டி அடிச்சான். புதுசா தெரியக் கூடாதுன்னு காசை இரும்புத் தூளோட ஒரு பெட்டியில போட்டு, குதிரை வண்டி அச்சுல கட்டி ஊரைச் சுத்தி வருவானாம். குலுங்கிக் குலுங்கி காசுக்கு வயசாயிடும். அவன்கிட்ட ஏமாந்தவங்க எல்லாம் அந்தக் காலத்து பெரிய பெரிய சேகரிப்பாளர்கள், கண்ணு தெரியாதவங்க இல்ல. நம்ம பக்கத்துல ஜஹாங்கீரோட ராசி மொஹர்களை எடுத்துக்குங்க. அதுக்கு எத்தனை தலைமுறையா போலி வந்துட்டு இருக்குன்னு கேட்டா தலை சுத்தும். வாங்கணும்னு ஆசை வந்த கண்ணு பார்க்கற கண்ணு கிடையாது. பெரியப்பா அன்னிக்கு 9ஐ பார்த்தார், ஏன்னா பேத்திக்கு 9 வேணும்.

அடுத்தது கதை. விலை கூடின காசு ஒண்ணுக்கும் கதை இல்லாம இருக்காது. "ஏரி தூர் வாரும்போது கிடைச்சது", "கோயில் குழியில எடுத்தது". இந்த மாதிரி கதை கேட்டா நான் சொல்றது ஒண்ணுதான். கதை பொய்னா காசும் பெரும்பாலும் பொய். கதை நிஜம்னா அது உனக்கு விக்கக் கூடாத பொருள். 1878ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி மண்ணுல இருந்து எடுத்தது பத்து ரூபாய்க்கு மேல போனா கலெக்டருக்குத் தெரிவிக்கணும். 2020 டிசம்பர்ல உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணி செய்யும்போது படிக்கல்லுக்கு அடியில அரை கிலோவுக்கு மேல தங்கம் வந்ததே, ஞாபகம் இருக்கா? சாமி சொத்து, திரும்ப அங்கயே வைக்கப் போறோம்னு ஊர்க்காரங்க நின்னாங்க, கடைசியில அதிகாரிங்க பேசி கருவூலத்துக்கு எடுத்துட்டுப் போனாங்க. யார் பக்கம் நியாயம்னு எங்க வீட்டுலயே ரெண்டு கட்சி. ஆனா நிஜமாவே ஒரு பொருள் மண்ணுல இருந்து வந்தா அது எவ்வளவு பெரிய விவகாரம்னு அந்த ஒரு வாரத்துல பார்த்தோம். மஞ்சப்பையில வந்து சத்தமில்லாம 5,000க்கு விலை போகாது.

இன்னொரு சிக்கல் நம்ம ஊருக்கே உரியது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972 சட்டப்படி தொல்பொருள். நாட்டை விட்டு வெளிய அனுப்பக் கூடாது. அதனால சோழன் காசை சோதிக்கணும்னு அமெரிக்காவுக்கு பார்சல் போடற பேச்சே எடுக்காதீங்க. 1939 ரூபாய் அந்த வயசுக்கு இன்னும் வரல, சங்கக் காசும் பல்லவர் காசும் எப்பவோ தாண்டியாச்சு. அதாவது எந்தக் காசுக்கு நோட்டக்காரர் ரொம்ப அவசியமோ, அதுக்கு உள்ளூர் நோட்டக்காரர்தான் கதி. அதுல நஷ்டம் காசு வாங்கறவனுக்கு மட்டும் இல்ல. பாண்டியன் பெருவழுதி, சேரன் மாக்கோதை இவங்க பேர் பொறிச்ச காசுகளை வச்சுத்தான் சங்க கால ராஜாக்களைப் பத்தி உறுதியா பேச முடிஞ்சது. தினமலர் ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி ஆத்து மணல்ல கிடைச்ச துக்கடா காசுகளையெல்லாம் வாங்கிப் படிச்சு ஒரு துறையையே எழுப்பினார். அங்க ஒரு புத்திசாலி போலிக் காசு நுழைஞ்சா, இல்லாத ராஜா ஒருத்தன் வரலாற்றுல ஏறிடுவான். அப்புறம் இறக்கறது எவ்வளவு கஷ்டம்!

அதனால என் கோரிக்கை இது. எழும்பூர் மியூசியத்துல காசுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, படிச்சவங்க இருக்காங்க. காஞ்சிபுரத்துல அரசு அருங்காட்சியகம் இருக்கு. மாசத்துல ஒரு சனிக்கிழமை, ஒரு நோட்டக்காரர் அங்க வந்து உக்காரட்டும். ஜனங்க கொண்டு வர்ற காசைப் பார்த்து அசல், போலி, சொல்ல முடியாது, இந்த மூணுல ஒண்ணை எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். ஒரு காசுக்கு நூறு ரூபாய் வாங்கட்டும். விலை மட்டும் சொல்லவே கூடாது. விலை சொல்ல ஆரம்பிச்ச அன்னிக்கு அந்த நாற்காலிக்குப் பின்னால வியாபாரி வந்து நின்னுடுவான்.

இதுல ஒரு முட்டுக்கட்டை உண்டு, மறைக்கல. அரசாங்க ஆபீஸுக்குக் காசை எடுத்துட்டுப் போனா பிடுங்கிக்குவாங்கன்னு ஜனங்களுக்கு பயம். பாட்டி பெட்டியில இருந்த வெள்ளி ரூபாய்க்குக்கூட "எங்க எடுத்தே?"ன்னு கேப்பாங்களோன்னு நடுங்கறாங்க. அதனாலதான் அந்த 5 ரூபாய்க்காரன் நம்பருக்கு போட்டோ அனுப்பறாங்க. பரம்பரையா வீட்டுல இருந்த காசைக் காட்டறவங்களை தொந்தரவு பண்ண மாட்டோம்னு எழுத்துல ஒரு உத்தரவு இல்லாம இது நடக்காது. புதையல்னு சந்தேகம் வந்தா மட்டும் சட்டப்படி போகட்டும். சக பதிவர்கள்ல அருங்காட்சியகத் துறையில யாரையாவது தெரிஞ்சவங்க இருந்தா பின்னூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. மனு எழுதி வச்சிருக்கேன், யார் கிட்ட குடுக்கணும்னு சரியா தெரிஞ்சா நேர்ல போய்க் குடுத்துட்டு வர்றேன். பெரியப்பாவும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கார்.

பி.கு: காசு கிடைச்சா புளி, எலுமிச்சம்பழம், பல்பொடி, சபீனா எதையும் போட்டுத் தேய்க்காதீங்க சாமி. மேல படிஞ்சிருக்கற அந்தக் கறுப்பும் பச்சையும்தான் நோட்டக்காரர் முதல்ல பார்க்கற சாட்சி. பளபளன்னு ஆக்கிட்டா அசல் காசுக்கும் பாதி விலை போயிடும், போலிக் காசைப் பிடிக்கறதும் கஷ்டமாயிடும். காகித உறையில போட்டு, விளிம்பைப் பிடிச்சு எடுங்க. பிவிசி பை வேண்டாம், அது கசிஞ்சு பச்சையா ஒட்டும்.